புத்தகத்தைக் காப்பவரா, கையில் கொடுப்பவரா? நல்ல நூலகரிடம் வாசகர்கள் எதிர்பார்ப்பது என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவதொரு கிளை நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். பேப்பர் படிக்க வரும் பெரியவர், குரூப் 4 தேர்வுக்குத் தயாராகும் இளைஞர், ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்காக வந்த சிறுமி, படித்து முடித்த நாவலை மாற்ற வரும் அம்மா எனப் பலரும் இருப்பார்கள். தேவைகள் வேறு வேறு. ஆனால், நூலகர் விஷயத்தில் எல்லோருடைய எதிர்பார்ப்பும் ஒன்றுதான். வந்தவரை விரட்டாமல், வேண்டியதைக் கையில் கொடுக்க வேண்டும்!

அடுத்த கேள்வி

"டி.என்.பி.எஸ்.சி புக் இருக்கா?" என்று ஒருவர் கேட்கிறார். "அந்த ரேக்ல பாருங்க" என்று சொல்வதோடு நூலகரின் வேலை முடிந்துவிடலாம். "எந்தத் தேர்வு, முதல் தடவையா எழுதுறீங்களா?" என்று கேட்பவர்தான் நல்ல நூலகர். முதல் தடவை என்றால், தடிமனான கைடுக்கு முன்பு ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான பாடப் புத்தகங்களை அவர் எடுத்துத் தருவார். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு, அந்த ஒரு கேள்வி சில மாத உழைப்பை மிச்சப்படுத்தும்.

பூட்டிய பீரோ

வாசகர்களின் பெரிய வருத்தம், கண்ணாடி பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும் புதுப் புத்தகங்கள். நூலகர்கள் பக்கமும் நியாயம் உண்டு. புத்தகம் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். பல சிறிய நூலகங்களில் ஒரே ஆள்தான் எல்லாவற்றையும் கவனிக்கிறார்.

ஆனால், இந்தப் பூட்டைத் திறக்கச் சொன்னவர் நம் சீர்காழிக்காரர். கணிதப் பேராசிரியராக இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். ஆரம்பத்தில் அந்த வேலை பிடிக்காமல் கல்லூரிக்கே திரும்ப நினைத்தார். லண்டனில் படிக்கச் சென்றபோது, அங்குள்ள பொது நூலகங்கள் எல்லாத் தரப்பு மக்களுக்கும் பயன்படுவதைப் பார்த்ததும் அவர் மனம் மாறியது. சென்னை திரும்பியவர், வாசகர்களே அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். 1931-ல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதல் விதியே, 'புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே' என்பதுதான். வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது நான்காவது விதி. அவர் பிறந்தநாளான ஆகஸ்ட் 12-ஐத்தான் தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

நினைவில் வைத்திருப்பவர்

"நீங்க கேட்ட எழுத்தாளரோட இன்னொரு புக் வந்திருக்கு, எடுத்து வெச்சிருக்கேன்." இந்த ஒரு வரி போதும், வாசகர் அடுத்த வாரமும் வருவார். 'இது உனக்குப் புரியாது' என்று குழந்தையின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்காதவரை, அந்தக் குழந்தை வளர்ந்த பிறகும் மறக்காது.

செல்போனில் எல்லாம் கிடைக்கும் காலம்தான். ஆனால், பத்தாயிரம் பதில்களில் நமக்கானது எது என்று, நம் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒருவர் தேவைப்படுகிறார்.

நம் பங்கு

சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். அதனால், தேவையான புத்தகத்தைத் தயங்காமல் கேளுங்கள். இல்லையென்றால் பெயரை எழுதிக் கொடுங்கள். உங்கள் ஊர் நூலகத்தில் வாசகர் வட்டம் இருந்தால் சேருங்கள். எடுத்த புத்தகத்தைக் கிழிக்காமல், தேதி தவறாமல் திருப்பிக் கொடுங்கள். பீரோவைத் திறந்து வைக்க நூலகருக்குத் தைரியம் தருவது அதுதான்!