எங்கள் கலைக் குழுவில் எல்லோருக்கும் இடமுண்டா?

வலிகாமம் வடக்கில் மீள்குடியேறிய கிராமமொன்றிலே பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். கணவரை இழந்தவர்கள், காணாமற்போன பிள்ளையைத் தேடுபவர்கள், முகாமிலே இளமையைக் கழித்தவர்கள். தாங்கள் பட்டதைத் தாங்களே நடித்துக் காட்ட வேண்டும் என்பதே அவர்களின் விருப்பம். தலைவியின் வீட்டு விறாந்தையில் ஒத்திகை நடந்தது. மூன்றாம் கிழமை இரண்டு பேர் வரவில்லை. "வேலையாம்" என்றார்கள் மற்றவர்கள்.

அவர்களில் மூத்தவரின் வீட்டுக்குப் போனேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவர் பிறகு சொன்னார்: "முகாமில எல்லாரும் ஒரே கிடாரத்துக் கஞ்சிதான் பிள்ளை குடிச்சனாங்கள். ஊருக்கு வந்தாப்பிறகு அவையளுக்குப் பேணியில தேத்தண்ணி, எங்கள் ரெண்டு பேருக்கும் பிளாஸ்ரிக் கப்பில."

அந்த விறாந்தையில் நானும் இருந்தேன். எனக்கும் பேணியில்தான் தந்தார்கள். சமூகவியல் படித்தவள் நான், ஆனாலும் கவனிக்கவில்லை. நமக்கு வலிக்காதது நம் கண்ணில் படுவதில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

மேடையில் ஒன்று, முற்றத்தில் வேறு

யாழ்ப்பாணத்துக் கலைக்கு இந்த முரண் புதிதல்ல. காத்தவராயன் கூத்தை அறியாதவர்கள் நம்மிடையே குறைவு. சாதி கடந்து ஆரியமாலையை விரும்பிக் கழுமரம் ஏறியவனின் கதையை விடிய விடியப் பார்த்துக் கண்ணீர் விட்ட ஊர்களிலேயே, கிணறும் கோயிலும் தேநீர்க்கடையும் சிலருக்கு மறுக்கப்பட்டன. கூத்திலும் இசை நாடகத்திலும் பெண் வேடத்தை நெடுங்காலம் ஆண்களே கட்டினார்கள். பறை சிலரின் தோளில் குடிமைத் தொழிலாகச் சுமத்தப்பட்டது.

இதை எதிர்த்து நின்றதும் ஒரு சிறிய கலைக் குழுதான். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் 1968இல் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. அந்தப் போராட்டத்தைப் பொருளாகக் கொண்டு என்.கே. ரகுநாதன் எழுதிய 'கந்தன் கருணை'யை நெல்லியடி அம்பலத்தாடிகள் காத்தவராயன் கூத்துப் பாணியில் மேடையேற்றினார்கள். பெரிய பணமோ பெரிய மண்டபமோ இல்லாதவர்களாலும் ஊரைச் சிந்திக்க வைக்க முடியும் என்பதற்கு அது சான்று.

சட்டமும் நம் பக்கம் இருக்கின்றது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் தீண்டாமையைக் குற்றமாக்கியது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் என்பவற்றின் பேரால் பாகுபாடு காட்டக்கூடாது என்கின்றது. கடைகளையும் உணவகங்களையும் மட்டுமல்ல, பொதுக் களியாட்ட இடங்களையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றது. ஆனால் ஒரு வீட்டு விறாந்தையில் யாருக்கு எந்தக் கோப்பை என்பதைச் சட்டம் வந்து பார்ப்பதில்லை. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

அவர்கள் எழுதிய ஐந்து முடிவுகள்

வராமல் விட்ட இருவரையும் சமாதானப்படுத்தி அழைத்து வருவது பரிகாரமாகாது. மாற வேண்டியது குழுவே. பல நாட்கள் பேசி, சில நாட்கள் அழுது, குழுவினர் தங்கள் கொப்பியில் ஐந்து முடிவுகளை எழுதிக் கையொப்பமிட்டார்கள்.

1. ஒத்திகை இனி எவர் வீட்டிலும் இல்லை. சனசமூக நிலையத்தில் மட்டும்.

2. தேநீர் முறை வைத்து எல்லோர் வீட்டிலிருந்தும் வரும். எல்லோரும் ஒரேவிதமான பேணியில் குடிப்போம்.

3. பாத்திரங்களை எல்லோரும் கூடித் தெரிவோம். அரசி வேடம் சிலருக்கென்றும், வேலைக்காரி வேடம் சிலருக்கென்றும் இருக்காது.

4. திறப்பும் கணக்குக் கொப்பியும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கைமாறும். போக்குவரத்துக் காசு எல்லோருக்கும் சமம்.

5. எவருடைய பேச்சையும் சிரிப்புக்காக நடிக்க மாட்டோம்.

ஐந்தாவது முடிவுக்குக் காரணம் உண்டு. 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பமொன்றின் மகளும் குழுவில் இருந்தார். அவர் கதைக்கும் விதத்தைப் பின்பற்றி ஒரு பகிடிக் காட்சி அமைத்திருந்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தாராம். சிரிக்காமல் வேறு என்ன செய்வார்?

பறை பற்றிய பேச்சு எனக்கும் ஒரு பாடமாயிற்று. மூத்தவரின் தகப்பனார் பறை அடித்தவர். "அப்ப நீங்களே அடியுங்கோ அக்கா, உங்களுக்குத்தானே தெரியும்" என்று ஒரு பெண் அன்பாகத்தான் சொன்னார். "அப்பற்றை தோளில கிடந்தது போதும்" என்று அவர் மறுத்துவிட்டார். இடம் கொடுக்கின்றோம் என்ற பெயரில் பழைய சுமையையே திருப்பிக் கொடுப்பது சமத்துவமல்ல. விரும்பியவர்கள் பழகுவது என்று முடிவாயிற்று. தலைவியின் மகள் முன்வந்தாள்.

இழப்பும் இல்லாமலில்லை. "உது சரிவராது" என்று இரண்டு பேர் விலகினார்கள். அவர்களில் ஒருவர் இரண்டு மாதத்தின் பின் திரும்பி வந்தார். மற்றவர் இன்றும் வீதியில் கண்டால் முகத்தைத் திருப்புகின்றார். ஒருவரையும் நோகாமல் இந்த மாற்றம் வராது. இதுவரை நொந்தவர்கள் யார் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

நாளை வரப்போகின்றவர்கள்

1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ் நகரிலிருந்தவர்களுக்கு இரண்டு மணி நேர அவகாசமே கொடுக்கப்பட்டது. திரும்பி வந்திருக்கும் அந்தச் சகோதரிகளில் ஒருவர் நமது குழுவில் சேர விரும்பினால் என்ன செய்வோம்? ஒத்திகை நேரம் அவருடைய தொழுகைக்கும் நோன்புக்கும் பொருந்துமா? இடம்பெயர்வு பற்றிய நமது நாடகத்தில் அவருடைய இடம்பெயர்வும் இருக்குமா? அவர் வந்த பிறகு யோசிப்பதைவிட, வருவதற்கு முன்பே யோசிப்பதுதான் அழைப்பு.

சகோதரிகளே, "நாங்கள் ஒருவரையும் ஒதுக்குவதில்லை" என்று சொல்வது எளிது. அடுத்த ஒத்திகைக்குப் போகும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: யார் கதிரையில் இருக்கின்றார், யார் படியில் இருக்கின்றார், யார் கையில் எந்தப் பேணி? உங்கள் குழுவின் உண்மையான யாப்பு அங்கேதான் எழுதப்பட்டிருக்கின்றது.