கணினி அரணும் நம் மாவட்டத்து மாணவரும்

அரணுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். இன்றைய அரண் கணினிக்குள் எழுப்பப்படுகின்றது. அதனைக் காப்போர் வரிசையில் நம் பிள்ளைகள் உளரா?

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி. மாநிலத்தில் நூற்றுக்கு எண்பதின்மர் கற்றிருக்க, இங்கே அறுபத்தெண்மரே. குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வரும் மாணவிக்கு இப்படியொரு பணி உண்டென்பதே புதுச்செய்தி. 'பிஷிங்' என்றபோது விழித்த ஒருத்தி, 'தூண்டில் போடுதல்' என்றதும் சிரித்துவிட்டாள். பொருள் எளிது, சொல்லே வேலியாய் நின்றது!

2022ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரிகளுக்கே திறன்பயிற்சியைக் கொணர்ந்தது. நன்றே. ஆயினும் தமிழ் வழிப் பாடஏடும் உடன் வேண்டும். வங்கி அலுவலரைப்போல் நடித்து ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கறப்பவன் தமிழிலன்றோ பேசுகின்றான்? பணமிழந்த பென்னாகரத்து மூதாட்டி 1930 என்னும் உதவி எண்ணை அழைத்தால், அவர் பேச்சின் குழைவறிந்து கேட்கும் செவியும் அத்துறைக்குத் தேவையே.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு விளக்கம். மாணவியொருத்தியின் தந்தையார் ஊதியத்தை வினவவில்லை. இரவுப் பணி உண்டோ என்றார். இரவு பகலாக இயங்கும் கண்காணிப்பு மையங்களில் உண்டு. தணிக்கை, விதிமுறை ஆய்வு ஆகிய பிரிவுகளோ பெரும்பாலும் பகற்பணியே. அவர் இன்னும் விடை கூறவில்லை.