காரணம் எழுதும் கடமை

நீதிபதியின் வேலை தீர்ப்புக் கூறுவது என்று எண்ணுகிறோம். கூறுவதைக் காட்டிலும், ஏன் அவ்வாறு கூறினோம் என்று எழுதுவதே அரிய வேலை என்பது என் கருத்து. கொலை வழக்கை விசாரிக்கும் செஷன்ஸ் நீதிபதியை எடுத்துக்கொள்வோம்.

அரசுத் தரப்புச் சாட்சியம் முடிந்ததும், அதில் பாதகமாக உள்ளவற்றைக் குறித்துக் குற்றம் சாட்டப்பட்டவரையே அவர் வினவ வேண்டும். அப்போது சத்தியப் பிரமாணம் கிடையாது. விடை கூற மறுத்தாலும் அதற்காகத் தண்டனை இல்லை. பின்னர், தீர்க்க வேண்டிய பிரச்சினைகள், முடிவு, முடிவிற்குரிய காரணங்கள் மூன்றும் தீர்ப்பில் இடம்பெற வேண்டும். நம் நாட்டில் ஜூரி முறை இருந்த காலத்தில் ஜூரிகள் ‘குற்றவாளி’ என்றோ ‘குற்றவாளி அல்லர்’ என்றோ கூறினால் போதும். நீதிபதிக்கு அந்தச் சலுகை இல்லை. (மதிப்பெண் இடும் எங்களுக்கு உண்டு, காரணம் கேட்ட மாணவர் மிகச் சிலரே!)

தண்டனை விஷயத்தில் இக்கடமை இன்னும் கனக்கிறது. 1955-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன், கொலைக்கு மரண தண்டனை விதிக்காமல் விட்டால்தான் காரணம் எழுத வேண்டும். 1973-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தலைகீழாக்கிற்று: மரண தண்டனை விதித்தால் தனிக் காரணங்கள் கூற வேண்டும், தண்டனை பற்றிக் குற்றவாளியின் சொல்லையும் தனியே கேட்க வேண்டும். 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரிதினும் அரிதான வழக்குகளிலேயே அத்தண்டனை தகும் என்றது; குற்றத்தை மட்டுமன்றிக் குற்றவாளியையும் நோக்கச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தனிக் காரணம் கூறும் விதி தொடர்கிறது.

கையெழுத்திட்ட பின், எழுத்துப் பிழை, கணக்குப் பிழை தவிர வேறொன்றையும் அவர் திருத்த இயலாது. ஆயினும் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் மரண தண்டனையை நிறைவேற்ற முடியாது. குற்றவாளி மேல்முறையீடு செய்யாவிடினும் வழக்கேடுகள் அங்கே சென்றாக வேண்டும். அங்குள்ள நீதிபதிகள் சாட்சியின் முகத்தைக் கண்டவரல்லர். அதனாலேயே, சாட்சி நடந்துகொண்ட விதம் பற்றி முக்கியமெனத் தோன்றுவதைக் குறித்து வைக்கும்படி சட்டம் கீழ் நீதிபதியைப் பணிக்கிறது. அக்குறிப்பையும் காரணங்களையும் அவர்கள் அலசுவர். வேண்டுமாயின் மேலும் சாட்சியம் பெறுவர். உறுதி செய்யும் ஆணையில் குறைந்தது இருவர் கையெழுத்திட வேண்டும். இருவரும் மாறுபட்டால், வழக்கு மூன்றாம் நீதிபதியிடம் செல்லும்.