தற்பரை அளக்க ஒரு யுகம்

பஞ்சாங்கத்தைப் பிரித்தால் இன்றும் நாழிகை, விநாடிக் கணக்குதான். 'அஷ்டமி நா. 17, வி. 35' என்றிருந்தால் அதைச் சூரிய உதயத்திலிருந்து எண்ண வேண்டும். நாழிகை என்பது 24 நிமிடம். அதில் அறுபதில் ஒரு பங்கு விநாடி, கடிகாரக் கணக்கில் 24 நொடி. 17 நாழிகைக்கு 408 நிமிடம், 35 விநாடிக்கு 14 நிமிடம், ஆக 7 மணி 2 நிமிடம். உதயம் காலை 6.02 என்றால், அஷ்டமி பிற்பகல் 1.04 வரை. விநாடியையும் அறுபதாகப் பகுத்தால் தற்பரை. அது வெறும் 0.4 நொடி.

மறுகோடியில் சதுர்யுகம் இருக்கிறது: 43,20,000 ஆண்டுகள். இந்த எண்ணைக் கேட்டதும் சிலர் பூரித்துப்போகிறார்கள், சிலர் புராணக் கதை என்று தள்ளிவிடுகிறார்கள். அந்த எண் என்ன வேலை செய்கிறது என்று இரு தரப்பும் பார்ப்பதில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

கி.பி. 499இல் தமக்கு வயது 23 என்று குறிப்பிடும் ஆர்யபடர், ஒரு சதுர்யுகத்தில் பூமி 1,58,22,37,500 முறை தன்னைத்தானே சுற்றுகிறது என்கிறார். அதே காலத்தில் சூரியனுக்கு 43,20,000 சுற்று. முன்னதில் பின்னதைக் கழித்தால் கிடைப்பது நாட்களின் எண்ணிக்கை: 1,57,79,17,500. இதை ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். ஓர் ஆண்டுக்கு 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை. மீதியே வராது! தசமப் புள்ளி புழக்கத்தில் இல்லாத காலத்தில், அரை நொடிக்கும் குறைந்த நுட்பத்தை முழு எண்களாலேயே சொல்லிவிட அந்த யுகம் கைகொடுத்தது.

சூரியனுக்கு மட்டும் என்றால் 576 ஆண்டுக்கு 2,10,389 நாள் என்ற கணக்கே போதும்; விடை இம்மியும் மாறாது. ஆனால் சந்திரனுக்கு 5,77,53,336 சுற்று, சனிக்கு 1,46,564 சுற்று என்று எல்லாக் கோள்களையும் ஒரே காலத்துக்குள் முழுச் சுற்றுகளாக அடக்க வேண்டும். அதற்குத்தான் லட்சக்கணக்கான ஆண்டுகள்.

பழைய முறையில் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆண்டு அளவும் ஆர்யபடருடைய அதே அளவுதான். மணிக்கணக்கில் 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 நொடி. இன்றைய வானியல் சொல்வது 6 மணி 9 நிமிடம் 10 நொடி. ஆண்டுக்கு 3 நிமிடம் 20 நொடி கூடுதல்; சேர்ந்துகொண்டே போனால் 432 ஆண்டில் ஒரு முழு நாள். இந்தப் பிசகைத் திருத்த வந்ததுதான் திருக்கணிதம்.

பிசகு இருந்தும் அந்தப் பழைய முறை எவ்வளவு தூரம் தாங்கியது என்பதற்குப் புதுச்சேரியில் ஒரு சாட்சி உண்டு. 1769இல் சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க அங்கே தங்கியிருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில், தமிழ்க் கணிதர்களிடம் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டார். பேனாவோ காகிதமோ இல்லாமல், தரையில் சோழிகளை வைத்து அவர்கள் கணக்குப் போட்ட வேகத்தை வியந்து எழுதியிருக்கிறார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதில் தமிழ்க் கணக்கு 41 நொடி குறைத்துச் சொன்னது. ஐரோப்பாவில் மதிப்புப் பெற்றிருந்த டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 நொடி கூட்டிச் சொன்னது.