உங்களுக்குத் தெரியுமா? புறாவோடு காதல்... இட்லித் தட்டுக்கு விருது!

கதை ஓடிக்கொண்டே இருக்கும். சட்டென்று நின்று உங்களையே கேட்கும்: "அவள் கோபித்துக்கொண்டு போகிறாள். நீ என்ன செய்யப் போகிறாய்?" நீங்கள் தொடுகிற பதில்தான் அடுத்த அத்தியாயம்! துப்பாக்கி இல்லை, கார் ரேஸ் இல்லை. படிக்கணும், பதில் தொடணும், அவ்வளவுதான். ஜப்பான்காரர்கள் பைத்தியமாகக் கிடக்கும் இந்த கேமுக்குப் பெயர் விஷுவல் நாவல்!

ஒரு கல்லூரி மாணவன் செத்துப்போகிறான். காலம் பின்னோக்கி ஓடுகிறது, உயிர் திரும்புகிறது. அப்புறம்? எமலோகத்துப் பெண்ணோடு சேர்ந்து காபிக் கடை போடுகிறான்! கடையில் பேசும் பூனை வேறு! 2019-ல் யுசுசாஃப்ட் கம்பெனி விட்ட 'கஃபே ஸ்டெல்லா' இது. 18 வயது தாண்டியவர்களுக்கு மட்டுமான காதல் காமெடி!

எமனிடமிருந்து காதலை மீட்ட சாவித்திரியை நமக்குத் தெரியும். அவளை வைத்து நம்ம புதுச்சேரியில் உட்கார்ந்து அரவிந்தர் எழுதிய காவியம் ஏறக்குறைய 24,000 வரி! ஜப்பானிலோ எமலோகமே காபி ஆற்றுகிறது!

நம்மூரில் சினிமாவுக்கு 'ஏ' சர்டிபிகேட் கொடுப்பது அரசு வாரியம். அங்கே இந்த வயதுவந்தோர் கேம்களைப் பார்த்து முத்திரை குத்த, கேம் கம்பெனிகளே கூடி ஒரு சங்கம் வைத்துக்கொண்டன. ஆண்டு 1992!

'ஃபேட் ஸ்டே நைட்' 2004-ல் கம்ப்யூட்டருக்கு வந்தபோது வயதுவந்தோர் கேம். 2007-ல் வயதுவந்தோர் காட்சிகளை வெட்டிவிட்டு பிளேஸ்டேஷன் 2-க்கு விட்டார்கள். 2015-ல் அதிலிருந்து கிளைத்த செல்போன் கேம், உலகத்தில் அதிகம் சம்பாதித்த கேம்களில் ஒன்று!

எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி போட்டவற்றில் ஒன்று காதல் கதையே இல்லை, கொலைக் கதை! 1983-ல் வந்த 'போர்ட்டோபியா'. எழுதிய யூஜி ஹோரிதான் பிறகு 'டிராகன் குவெஸ்ட்' படைத்தவர்!

இப்போது சொல்லப்போவதைக் கேட்டு நானே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். 1994-ல் கொனாமி விட்ட 'தோகிமெகி மெமோரியல்' காதல் கேமில் வெடிகுண்டு உண்டு! வில்லியனூர் தேருக்கு ஒருத்தியை அழைத்துப் போய்விட்டு இன்னொருத்தியைக் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும்? அந்த மாதிரிதான். கண்டுகொள்ளாமல் விட்ட பெண்ணின் படத்துக்குப் பக்கத்தில் குண்டு முளைக்கும். அப்போதும் சமாதானம் செய்யாவிட்டால் டமார்! ஊரெல்லாம் உங்களைப் பற்றிப் பேச்சு. மற்ற பெண்களும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்!

யார் பக்கம் குண்டு முளைத்திருக்கிறது என்று துப்பு கொடுக்க ஒரு சிநேகிதன் இருக்கிறான். போன் போட்டால் போதும், அத்தனை பேரின் மனநிலையையும் ஒப்பித்துவிடுவான்! இப்படி ஒரு கூட்டாளி யாருக்குக் கிடைப்பான்?

அதே கேமில் ஒரு மரம். பள்ளி முடியும் நாளில் அதன் அடியில் காதலைச் சொன்னால் ஆயுசுக்கும் பிரிவில்லை என்று ஐதீகம். பாகூர் ஏரிக்கரையில் மரம் தேடக் கிளம்பிவிடாதீர்கள். கேமில் மரத்தடிக்கு வந்து சொல்ல வேண்டியது நீங்கள் இல்லை, அவள்!

எல்லாரிலும் மசியாதவள் யார் தெரியுமா? சின்ன வயசிலிருந்து கூட வளர்ந்த பக்கத்து வீட்டுப் பெண்! படிப்பு, விளையாட்டு, கலை எல்லாவற்றிலும் தேறினால்தான் திரும்பியே பார்ப்பாள்!

1999-ல் வந்த இரண்டாம் பாகத்தில் நாயகி உங்கள் சொந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடுவாள். கேம் வந்தது மொத்தம் 5 சிடியில்! கலியபெருமாள் என்று பெயர் கொடுத்தால் அவள் பாடு திண்டாட்டம்தான்!

2010-ல் அதாமி என்ற வெந்நீர் ஊற்று ஊர், 'லவ் பிளஸ்' கேமோடு கைகோத்தது. கையடக்க கேம் கருவியில் இருக்கும் காதலியோடு ஆண்கள் ரயிலேறி வந்து இறங்கினார்கள். குறிப்பிட்ட இடங்களில் செல்போனை நீட்டினால் அவள் பக்கத்தில் நிற்பது போலப் படம் விழும்! சுற்றுலாவைக் காப்பாற்ற இல்லாத பெண்ணைக் கூப்பிட்ட ஊர், எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்!

பெண்களுக்கு? அதுவும் 1994-லேயே வந்தாச்சு! கோயெய் கம்பெனியின் பெண்கள் குழு செய்த 'ஆஞ்சலிக்'. இதில் காதலிக்கப்படுவது ஆண்கள்!

2011-ல் உச்சம். 'ஹாட்டோஃபுல் பாய்ஃபிரண்ட்'. நீங்கள் மனுஷி. படிக்கும் பள்ளியிலோ எல்லாரும் பறவைகள்! காதலிக்கக் கிடைப்பது பெரும்பாலும் புறாக்கள்! வரைந்த பறவை அல்ல, போட்டோ எடுத்த அசல் பறவை!

'முவ்-லவ்' கேமை இங்கிலீஷில் கொண்டுவர 2015-ல் ரசிகர்களிடம் துண்டு ஏந்தினார்கள். விழுந்தது 12 லட்சம் டாலருக்கு மேல்!

காதல் காமெடியில் ஜப்பானுக்கே நாம் பாடம் எடுத்திருக்கிறோம். 1998-ல் ரஜினியின் 'முத்து' டோக்கியோவின் சினிமா ரைஸ் தியேட்டரில் ஓடியது 23 வாரம்!

விஷுவல் நாவல் கேம் செய்ய லட்சக்கணக்கில் பணம் வேண்டாம். 'ரென்பை' என்ற மென்பொருள் 2004-லிருந்து இலவசம்! வில்லியனூர் பிள்ளைகளுக்கு வேண்டியது ஒரு கம்ப்யூட்டரும் ஒரு கதையும்தான்!

இதோ, தமிழ்க் குடும்பத்தின் கதையையே கேமாக்கிக் காட்டிவிட்டது டொரன்டோவில் ஒரு குழு! 'விசை கேம்ஸ்' 2023 ஜூலை 31-ல் வெளியிட்ட கதை கேம் 'வெண்பா'. 1988-ல் கனடாவில் குடியேறிய வெண்பாவும் பாவலனும் அவர்கள் மகன் கவினும்தான் பாத்திரங்கள். காதலும் உண்டு, சண்டையும் உண்டு, புட்டும் பிரியாணியும் உண்டு!

முதல் கட்டமே இட்லி! அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்திருக்கிறது. தட்டுகளை எப்படி அடுக்குவது என்ற இடம் காணோம். ஒரு தட்டின் ஓட்டை மேல் தட்டின் இட்லிக்கு நேராக வரும்படி மாற்றி மாற்றி வைத்தால்தான் ஆவி ஏறும். நம் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. உலகமே மண்டையைப் பிய்த்துக்கொண்டது!

2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருது, அறிமுக கேம் பிரிவில், வெண்பாவுக்கு! அதே ஆண்டு சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் பெரும் பரிசும் அதுக்கே! விளையாடி முடிக்க ஆகும் நேரம்? ஏறக்குறைய ஒன்றரை மணி!