நாற்பது ரூபாய்க்கு ஓர் அட்டைப் படகு

முதலில் பணக் கணக்கை முடித்துவிடலாம். ஏ4 அளவில் 300 ஜிஎஸ்எம் அட்டை ஒன்று ரூ.10, சிறிய வெள்ளைப் பசைப் புட்டி ரூ.20, மெழுகுவத்தி ரூ.10. கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். இந்தக் கணக்குக்கு ரூ.40 என்று வைத்துக்கொள்வோம். பாய்மரத்துக்கு விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கு போதும், அது செலவில் சேராது. பசையும் மெழுகும் மிஞ்சுவதால் இரண்டாவது படகுக்கு ரூ.10தான். ஐந்து படகு செய்தால் மொத்தம் ரூ.80, ஒன்றுக்கு ரூ.16.

படகின் நீளம் 20 செ.மீ., அகலம் 8, உயரம் 4. பின்பக்கம் 14 செ.மீ. வரை நேர்ச் செவ்வகம். முன்னால் 6 செ.மீ. முக்கோணமாகக் குவியும் அணியம். அடித்தளம் 136 சதுர செ.மீ., சுற்றுச் சுவர் ஏறக்குறைய 202, ஒட்டுவதற்கான 1 செ.மீ. விளிம்புகள் 26. ஆக 364 சதுர செ.மீ.

ஏ4 தாளின் பரப்பு 624. மிச்சம் 260 இருக்கிறதே, மேல்தளமும் வெட்டிவிடலாம் என்று தோன்றும். முடியாது. படகின் விரிப்பு 16 × 26 செ.மீ. இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, மிஞ்சுவதில் பெரிய துண்டே 5 செ.மீ. அகலப் பட்டைதான். மேல்தளத்துக்கு 8 செ.மீ. அகலம் வேண்டும். ஆகவே திறந்த படகாகவே விட்டு, அந்தப் பட்டையில் பாயும் ஒரு குறுக்குப் பட்டையும் வெட்டிக்கொள்வது புத்திசாலித்தனம். குறுக்குப் பட்டை ஈர்க்கையும் தாங்கும், சுவர்கள் வளையாமலும் பிடிக்கும். மடிப்புக் கோடுகளை மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கீறினால் மூலை கூர்மையாக வரும். செலவில்லாமல் முடிக்கப் பழைய கல்யாணப் பத்திரிகையை எடுப்பவர்கள் உண்டு. அதன் நடுமடிப்பு அடித்தளத்தில் வந்தால் அங்கேதான் முதலில் ஊறும்.

பசை விஷயத்தில்தான் கை தாராளமாகிறது. ஒட்டும் பரப்பு 26 சதுர செ.மீ., பூச்சு 0.1 மி.மீ. கனம் என்றால் தேவை 0.3 கிராம்கூட இல்லை. அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் அட்டையை நனைத்துச் சுருக்கும். ஓர் இரவு காயட்டும்.

மெழுகு அதன் பிறகுதான். முதலிலேயே பூசினால் பசை பிடிக்காது. வெளிப்பக்கம் 338 சதுர செ.மீ.க்கு 0.1 மி.மீ. கனத்தில் 3 கிராம் மெழுகு போதும். வெட்டிய ஓரங்களை விடவே கூடாது. தண்ணீர் அட்டைக்குள் புகுவது அந்த வழியாகத்தான், உள்ளே போனபின் வெள்ளைப் பசையும் இளகிவிடும். மெழுகை நேராக அடுப்பில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணம் வைத்துப் பெரியவர்களே உருக்கட்டும்.

அட்டை, பாய், பட்டை, ஈர்க்கு, மெழுகு எல்லாம் சேர்ந்து எடை 16 கிராம். தண்ணீரில் ஒரு கன செ.மீ. அமிழ்ந்தால் ஒரு கிராமைத் தாங்கும். ஆக வெறும் படகு 1.2 மி.மீ.தான் அமிழும். 2.5 செ.மீ. வரை அமிழலாம் என்று விட்டால் தாங்கும் எடை 340 கிராம். படகின் எடை போகச் சரக்குக்கு 324. பத்து ரூபாய் நாணயம் 7.71 கிராம். 42 நாணயம் ஏற்றலாம், அதாவது ரூ.40 படகில் ரூ.420. விளிம்பு வரை கணக்குப் போட்டால் 68 நாணயம் வரும். அது காகிதத்தில் மட்டும்தான், அதற்கு முன்பே ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் ஏறிவிடும்.

நாணயம் 27 மி.மீ. விட்டம் என்பதால் செவ்வகப் பகுதியில் ஒரு வரிசைக்கு 5 வீதம் இரண்டு வரிசை, அடுக்குக்கு 10 பிடிக்கும். இதை அப்படியே பரப்பினால் பின்பக்கம் தாழும். அணியம் குவிவதால் படகின் தாங்குமையம் பின்விளிம்பிலிருந்து 8.6 செ.மீ. தள்ளி இருக்கிறது, பரப்பிய நாணயங்களின் மையமோ 7 செ.மீ.யில். சரக்கை ஒன்றரை செ.மீ. முன்னே நகர்த்தி வையுங்கள், படகு மட்டமாக நிற்கும்.