கரண்ட் பில் குறையணுமா? முதல்ல மீட்டரைப் பாருங்க!

(பதினோராம் வகுப்பு, 'அ' பிரிவு)



"மொட்டை மாடியில சோலார் போட்டா கரண்ட் பில்லே வராதாமே, நிஜமா?" என்று நம் வகுப்பிலேயே நாலைந்து பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் கோடையிலிருந்து இதே பேச்சுதான். ஒரு ஏஜெண்ட் வந்து, 2 கிலோவாட் சோலார் வைக்க 1,35,000 ரூபாய் ஆகும், மானியம் 60,000 போக 75,000 ரூபாய்தான் உங்கள் கைக்காசு என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த 75,000-க்கு அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போக வேண்டும். அதனால் ஒரு பழைய நோட்டை எடுத்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

யூனிட் என்றால் என்ன என்று பத்தாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். ஆனால் எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை இல்லை. இதை நம் வீட்டுப் பெரியவர்களே பலர் கவனிப்பதில்லை.

2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் வந்த கட்டண அட்டவணையை எடுத்துக்கொள்கிறேன். 2024 ஜூலையில் விலை கொஞ்சம் ஏறியது. ஆனாலும் 2022 விலைகளை வைத்துக் கணக்குப் போடுவது சுலபம். உங்கள் பில்லில் இருக்கும் விலையை நீங்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை செலவழிக்கும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். கூட்டினால் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய்.

500-ஐத் தாண்டினால்தான் வேடிக்கை! அப்போது 2.25 ரூபாய் என்ற சலுகை விலையே போய்விடும். 101-லிருந்தே 4.50 ரூபாய். 500-க்கு மேல் வரும் யூனிட்டுக்கு 8 ரூபாய். எங்கள் வீட்டில் கோடையில் ஒரு ரீடிங் 510 வந்தது. இந்த அட்டவணைப்படி அதற்கு 2,030 ரூபாய். அதாவது கடைசி 10 யூனிட்டுக்கு மட்டும் 305 ரூபாய்! ஒரு யூனிட் முப்பது ரூபாய்க்கு மேல். அப்பாவிடம் காட்டினேன். "டேய், திரும்பக் கூட்டுடா" என்றார். திரும்பக் கூட்டியும் அதேதான் வந்தது.

அப்படியானால் அந்தக் கடைசி யூனிட்டுகளை எங்கே குறைப்பது? எந்தச் சாதனம் எவ்வளவு இழுக்கிறது என்று தெரியாமல் குறைக்க முடியாது. இதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதன் பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மினுக்கும் என்று எண் போட்டிருக்கும். எங்கள் மீட்டரில் 3200. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு சாதனத்தை மட்டும் போடுங்கள். ஒரு மினுக்கலுக்கும் அடுத்த மினுக்கலுக்கும் நடுவில் எத்தனை விநாடி என்று கடிகாரத்தில் பாருங்கள். 1125-ஐ அந்த விநாடியால் வகுத்தால் வாட் வந்துவிடும். (3600-ஐ 1000-ஆல் பெருக்கி 3200-ஆல் வகுத்தால் 1125.) ஒன்று மட்டும், வெளியே நின்று பார்த்தால் போதும். மீட்டர் பெட்டியில் கை வைக்காதீர்கள்!

எங்கள் ஹால் ஃபேன் 15 விநாடிக்கு ஒரு முறை மினுக்கியது. 1125-ஐ 15-ஆல் வகுத்தால் 75 வாட். அது ஒரு நாளில் 16 மணி நேரம் ஓடுகிறது. 60 நாளுக்கு 72 யூனிட்! பாட்டி அறை ஃபேனும் அதே கதைதான். "ஃபேன் என்ன பெரிசா இழுத்துடப் போவுது" என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். அப்பாவுக்கு எப்போதும் என் செல்போன் சார்ஜர் மேல்தான் கோபம். 5 வாட் சார்ஜர் தினம் 3 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒரு யூனிட் கூட முழுசாக வராது. (அப்பா இந்தப் பலகையைப் படிக்க வரமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

அடுத்தது இன்னும் ஆச்சரியம். எல்லா ஸ்விட்சையும் அணைத்து, பிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கின பிறகும் விளக்கு 75 விநாடிக்கு ஒரு முறை மினுக்கியது. 15 வாட் எங்கேயோ போகிறது! தேடினால் டிவியும் அதன் செட்டாப் பாக்ஸும். ரிமோட்டில் மட்டும் அணைத்துவிட்டு சுவர் ஸ்விட்சை அப்படியே விட்டிருந்தோம். பார்க்காத 18 மணி நேரமும் இப்படிப் போனால் 60 நாளுக்கு 16 யூனிட். யாரும் பார்க்காத டிவிக்கு!

இப்போது பி.எல்.டி.சி. ஃபேன் என்று கடைகளில் விற்கிறார்கள். காந்தமும் ஒரு சின்ன மின்னணுச் சுற்றும் வைத்த மோட்டார். முழு வேகத்தில் 30 வாட் அளவில்தான் இழுக்கும். ஒன்று 3,000 ரூபாய் அளவில் கிடைக்கிறது. பழைய ஃபேனைவிட 45 வாட் மிச்சம். 16 மணி நேரத்துக்கு, 60 நாளுக்கு 43 யூனிட். இரண்டு ஃபேனுக்கு 86. டிவி ஸ்விட்சை அணைத்தால் 16. சோக் வைத்த பழைய ட்யூப் லைட்டுக்குப் பதில் 20 வாட் எல்.இ.டி. போட்டால் இன்னும் ஒரு 9. மொத்தம் 111 யூனிட். 510 என்பது 400-க்குக் கீழே வந்துவிடும். 400 யூனிட்டுக்கு பில் 1,125 ரூபாய்தான். 905 ரூபாய் மிச்சம்! செலவு சுமார் 6,300. ஏழு பில்லில் போட்ட காசு வந்துவிடுகிறது.

ஏ.சி. உள்ள வீடுகளுக்கு வேறு கணக்கு. வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் 6 சதவீதம் அளவுக்கு மின்சாரம் குறையும் என்று எரிசக்தி திறன் செயலகம் சொல்கிறது. எங்கள் வீட்டில் ஏ.சி. இல்லை என்பதால் அதை நான் அளந்து பார்க்கவில்லை.

சரி, சோலாருக்கு வருவோம். நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் பலகை சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். அதற்கு மாடியில் நிழல் விழாத 100 சதுர அடி இடம் வேண்டும். பலகையில் வருவது நேர் மின்சாரம். இன்வெர்ட்டர் அதை மாறு மின்சாரமாக்கி வீட்டுக்குத் தரும். பகலில் நாம் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது மீந்தது தெருக் கம்பிக்குப் போகும். இரவில் கம்பியிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். இரு வழி மீட்டர் இரண்டையும் எழுதிக்கொள்ளும். கழித்தது போக மீதிக்குத்தான் பில். மானியம், மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய 'பிரதமர் சூர்ய கர்' திட்டத்தில் அறிவித்தது. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய்.

ஏஜெண்ட் சொன்ன 2 கிலோவாட் 60 நாளில் 480 யூனிட் தரும். 510-ல் கழித்தால் 30. அது இலவசத்திலேயே போய்விடும். அவர் சொன்னது சரிதான், பில் வராது! வருஷத்துக்கு ஆறு பில், 12,180 ரூபாய் மிச்சம். 75,000 ரூபாய் திரும்ப ஆறு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் அவர் எங்கள் கோடை பில்லை மட்டும் பார்த்துச் சொன்னார். மழைக்காலத்தில் எங்களுக்கு அவ்வளவு பில் வராது, பலகையும் அவ்வளவு தராது.

இப்போது ஃபேன் மாற்றிய வீட்டுக்கு அதே கணக்கைப் போடுவோம். பில்லே 1,125 தான். 2 கிலோவாட் அதை முழுசாகத் துடைத்தாலும் வருஷத்துக்கு 6,750. போட்ட பணம் வர பதினோரு வருஷம்! அதற்குப் பதில் 1 கிலோவாட் போதும். அதே ஏஜெண்ட் அதற்கு 70,000 சொன்னார், மானியம் போக 40,000. அது தரும் 240 யூனிட் போக மீதி 160-க்கு 135 ரூபாய் பில். வருஷத்துக்கு 5,940 மிச்சம், ஏழு வருஷத்துக்குள் பணம் வந்துவிடும். கடன் பாதிக்குப் பாதி குறைகிறது. வளையல்களில் ஒன்றாவது அம்மா கையிலேயே இருக்கும்.

இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டே ஓடாத வீடுகளும் நம் தெருவில் நிறைய உண்டு. அவர்களுக்கு பில் அதிகபட்சம் 225 ரூபாய். சோலார் வைத்தால் 40,000 ரூபாய் திரும்ப வர முப்பது வருஷம் ஆகும். பலகைக்கே 25 வருஷம்தான் உத்தரவாதம் தருகிறார்கள். என்னைக் கேட்டால் அவர்களுக்கு இப்போது வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஐப்பசியில் இரண்டு ஃபேனும் மாற்றினோம். அடுத்த ரீடிங் 386. ஆனால் அதில் மார்கழிக் குளிரும் சேர்ந்திருக்கிறது, எல்லாம் ஃபேனின் புண்ணியம் என்று சொல்ல முடியாது. சித்திரை ரீடிங் வந்த பிறகுதான் 1 கிலோவாட்டுக்கு எழுதிக் கொடுப்பதாக அப்பா சொல்லியிருக்கிறார்.

அதற்குள் இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டியிருக்கிறது. பேட்டரி இல்லாத இந்த வகை சோலார், தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும்! நட்ட நடு வெயில் அடித்தாலும் ஃபேன் ஓடாது. கம்பியில் வேலை செய்யும் லைன்மேனுக்கு நம் வீட்டுக் கரண்ட் போய் ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டரே அப்படி அணைந்துகொள்ளும். இது தெரியாமல் கரண்ட் கட்டுக்காக சோலார் வைக்க நினைப்பவர்கள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது நிழல். எங்கள் தண்ணீர்த் தொட்டி நிழலும் பக்கத்து வீட்டுத் தென்னை மர நிழலும் எங்கே விழுகிறது என்று காலை 9, நண்பகல் 12, மாலை 3 மணிக்கு மாடியில் சாக்பீஸால் கோடு போட்டு வருகிறேன். ஒரு பலகையின் ஓரத்தில் விழும் நிழல் கூட அதோடு வரிசையாக இணைத்த மற்றப் பலகைகளின் மின்சாரத்தையும் குறைத்துவிடும். இதுவரை சரியான இடம் பாட்டி வத்தல் காயப்போடும் மூலைதான். பாட்டியிடம் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் மீட்டரில் 3200-க்குப் பதில் 1600 என்று இருந்தால் 1125-க்குப் பதில் 2250-ஐ வகுத்துக்கொள்ளுங்கள். அளந்தவர்கள் சாதனத்தின் பெயரையும் வாட்டையும் ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்தால், அடுத்த இதழில் வகுப்புப் பட்டியலாகப் போடுகிறேன். பிரிட்ஜும் கிரைண்டரும் அளந்தவர்கள் கட்டாயம் கொடுங்கள். பிரிட்ஜ் விட்டு விட்டு ஓடுவதால் அதை மட்டும் ஒரு முழு நாள் பார்க்க வேண்டும்.